ஹோல்ம்பாக் மாவட்டத்தின் பழைய முத்திரை

சனிக்கிழமை காலையில் சிட்னியின் லிட்கம் சமூக மண்டபத்துக்குப் போனால் தர்ஷினி என்ற பெண் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள். எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு இணையத்தில் படிவம் நிரப்பித் தருவது அவள் தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பெற்றோர் யாழ்ப்பாணம், அவள் பிறந்தது இங்கே. வார நாட்களில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். நானும் அதே தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் அவளுக்கு உரிமை கொஞ்சம் அதிகம். போன மாதம் ஊருக்குப் போவதற்கான ஒரு படிவத்துக்காக அவள் எதிரே உட்கார்ந்தேன். பிறந்த மாவட்டம் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டாள்.

“அங்கிள், வட ஆற்காடு எண்டு ஒண்டு இந்த லிஸ்ட்லயே இல்ல.”

“நல்லா பாரும்மா.”

“பாத்திட்டன். வேலூர் கிடக்கு, ராணிப்பேட்டை கிடக்கு. கிட்டக் கிடக்கிற ஏதாவது ஒண்டப் போட்டு சப்மிட் பண்ணுவமா?”

“வேண்டாம், தொடாத!”

நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேஜையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தர்ஷினி கையை எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“ஏன் அங்கிள் இப்பிடிப் பதறுறீங்கள்? இட்ஸ் ஜஸ்ட் எ டிராப் டவுன்.”

நியாயமான கேள்விதான். நான் பிறந்தபோது அரக்கோணம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு வேலூர் என்றார்கள். இப்போது ராணிப்பேட்டையாம். ஊர் நகரவே இல்லை, நானும் யாரையும் மாற்றச் சொல்லவில்லை. இருந்தும் அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் எனக்குப் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஏன் என்று அவளுக்கு அங்கே சொல்ல முடியவில்லை, பின்னால் வரிசை நின்றது. அதனால் இதை எழுதுகிறேன்.

அரக்கோணத்தில் இருந்து நான் நேராக சிட்னிக்கு வரவில்லை. பாலிடெக்னிக் முடித்ததும் ஒரு பயிற்சித் திட்டத்தில் தேர்வாகி மேற்கு ஜெர்மனிக்குப் போனேன். ஹோல்ம்பாக் என்ற சின்ன ஊரில் இயந்திரக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை. பகலில் கடைசல் இயந்திரம், மாலையில் ஜெர்மன் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைக்கலாம் என்ற ஆராய்ச்சி. பயிற்சி பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரின் மாவட்ட அலுவலகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஹோல்ம்பாக் ஒரு கிராமப்புற மாவட்டத்தின் தலைநகரம். அதை அங்கே லாண்ட்கிரைஸ் என்பார்கள். மாவட்டம் என்றதும் நம் ஊர் மாவட்டத்தை நினைத்துவிடாதீர்கள். நம் தாலுகா ஒன்றுக்குள் அது அடங்கிவிடும். ஆனால் அதற்கும் ஒரு கலெக்டர் உண்டு, மன்றம் உண்டு, சாலைகள், ஆஸ்பத்திரி, அநாதைப் பிள்ளைகளுக்கான சிறுவர் நல அலுவலகம், கார்களின் நம்பர் பலகையில் தனி எழுத்துகள் எல்லாம் உண்டு. வெளிநாட்டுக்காரர்களுக்குத் தங்கும் அனுமதியைப் புதுப்பித்துத் தருவதும் அதன் வேலைதான். அதனால் நான் அடிக்கடி அந்தத் தாழ்வாரத்தில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன்.

தாழ்வாரச் சுவரில் மாவட்டத்தின் சரித்திரத்தை ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் அதை மனப்பாடமே செய்துவிட்டேன். ராஜா காலத்தில் அதிகாரிகள் வரைபடத்தில் கோடு இழுத்து உண்டாக்கிய மாவட்டம். ஆற்றுக்கு அக்கரைக் கிராமங்கள் சில வேறு மாவட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தன. யுத்தம் முடிந்ததும் அந்நியப் படை வந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துக் கலெக்டராக உட்கார வைத்தது. கிழக்கில் இருந்து அகதிகள் வந்து ஜனத்தொகை வீங்கியது. பலகைக்குக் கீழே கலெக்டர்களின் புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. நடுவில், யுத்த வருஷங்களுக்கு உரிய இடத்தில் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. அந்த ஆணி யாருடையது என்று நான் கேட்கவில்லை, கேட்கக்கூடாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் அங்கே கற்றேன். ஹோல்ம்பாக்காரர்களுக்குப் பக்கத்து மாவட்டமான டோர்ன்ஃபெல்ட் என்றாலே ஆகாது. டோர்ன்ஃபெல்ட் நம்பர் பலகையோடு ஒரு கார் தெருவில் வந்தால் என்னோடு வேலை செய்தவர்கள் ஓட்டுகிறவனைப் பார்ப்பதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கதவு எங்களைப் போன்றவர்களுக்கும் திறந்தபோது, கல்யாணமான கையோடு கமலாவை அழைத்துக்கொண்டு சிட்னிக்கு வந்தேன். என் சான்றிதழை இங்கே யாரும் மதிக்கவில்லை. கொஞ்ச காலம் ஒரு பட்டறையில் இரும்புத் தூளைப் பெருக்கினேன். ஜெர்மன் தெரிந்தவர்கள் தேவை என்று ஒரு விளம்பரம் பார்த்துப் பரீட்சை எழுதினேன். குடிவரவுக் காகிதங்களை மொழிபெயர்க்கும் அரசாங்கப் பிரிவு ஒன்றில் வேலை கிடைத்தது. அந்தப் பிரிவில் முதல் கறுத்த முகம் நான்தான். நான் ஒரு தப்பு செய்தால் எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்ற பயம் காலையில் ரயில் ஏறும்போதே என்னோடு ஏறிவிடும்.

எங்கள் பிரிவின் தலைவர் பெயர் கார்வி. ஒல்லியான மனிதர், வெயில் காலத்திலும் கம்பளி வெயிஸ்ட்கோட் போடுவார், குரலை உயர்த்தவே மாட்டார். வேலை முறை முழுக்க அவர் வகுத்தது. ஒரு காகிதம் வந்தால் முதலில் முத்திரையைப் படிக்க வேண்டும். அடுத்து கையெழுத்து, அடுத்து தேதி. கடைசியில்தான் உள்ளே எழுதியிருப்பது. “கதையை முதலில் படித்தால் கதையை நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள்” என்பார். மொழிபெயர்த்து முடித்ததும் அவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொள்வார், நாம் எழுதிய ஆங்கிலத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். காகிதத்தில் ஏதாவது பொருந்தாமல் இருந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று எழுத வேண்டும். விட்டுவிட்டால் அது வேலையை இழக்கிற குற்றம்.

வாசித்து முடித்ததும் கார்வி ஒரே ஒரு கேள்வி கேட்பார். “இதில் உங்களுக்குத் திருப்திதானா?”

தப்பு இருந்தாலும் அதே கேள்வி, இல்லாவிட்டாலும் அதே கேள்வி. முகத்தில் ஒன்றும் தெரியாது. என் பக்கத்து நாற்காலியில் இருந்த போலந்துக்காரர், பெரிய மீசைக்காரர், அந்தக் கேள்வி வந்ததும் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் இன்னொரு தரம் ஆரம்பத்தில் இருந்து பார்ப்பார். நானும் அப்படித்தான். எல்லோரும் கடைசியில் “திருப்திதான்” என்போம். இல்லை என்று சொன்னவர் யாரும் கிடையாது.

இனி அந்த விவகாரம். ஒரு பிப்ரவரி மாதம், இங்கே அது கோடை, தாங்க முடியாத வெயில். என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. விண்ணப்பித்தவர் ஹில்டா என்ற ஜெர்மன் அம்மா, லிட்கத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஜெர்மனியில் இருந்த தங்கை இறந்துபோய், தங்கையின் ஒன்பது வயது மகள் காத்ரின் அரசாங்கக் குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டிருந்தார். மாவட்டத்தின் சிறுவர் நல அலுவலகம்தான் குழந்தைக்குச் சட்டப்படியான காப்பாளர். அந்த அலுவலகம் கொடுத்த சம்மதக் கடிதத்தை நான் மொழிபெயர்க்க வேண்டும்.

முறைப்படி முத்திரையை முதலில் பார்த்தேன். வட்ட முத்திரை, நடுவில் சிங்கம், சுற்றிலும் ஹோல்ம்பாக் மாவட்டம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் நின்ற தாழ்வாரம், என் அனுமதிப் புத்தகத்தில் குத்திய அதே சிங்கம். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையெழுத்து, மெர்ட்ஸ் என்ற பெண் அதிகாரி. அடுத்து தேதியைப் பார்த்தேன். ஜனவரிக் கடைசி.

ஹோல்ம்பாக் மாவட்டம் ஜனவரி முதல் தேதியே செத்துப்போயிருந்தது.

எப்படித் தெரியும் என்றால், என்னோடு பயிற்சி பெற்ற நண்பன் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து அட்டையில் அதுதான் விஷயம். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் சின்னச் சின்ன மாவட்டங்களை எல்லாம் செலவு கட்டுப்படியாகாது என்று ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு வந்தார்கள். ஹோல்ம்பாக்கைக் கொண்டுபோய் டோர்ன்ஃபெல்டோடு சேர்த்துவிட்டார்கள். அதுவும் டோர்ன்ஃபெல்டின் பெயரிலேயே. “இன்று முதல் நாங்கள் டோர்ன்ஃபெல்ட்காரர்கள், துக்கம் விசாரித்து எழுது” என்று நண்பன் எழுதியிருந்தான். பழைய நம்பர் பலகையை இழக்க மனசில்லாமல் ஊரில் பாதிப் பேர் ஓட்டைக் காரை விற்காமல் வைத்திருக்கிறார்களாம்.

இல்லாத மாவட்டத்தின் முத்திரை குத்திய சம்மதக் கடிதம். குறிப்பு எழுதினால் மேல்மாடியில் இருக்கும் குடிவரவு அதிகாரி போலி என்று தள்ளிவிடுவார். எழுதாமல் விட்டால் அந்தச் சிங்கத்துக்கு நானும் உடந்தை. கோப்பைத் திருப்பிப் பார்த்ததில் இன்னும் மோசம். மாவட்டம் போனதால் அந்தக் குழந்தைகள் இல்லத்தை ஈஸ்டரோடு மூடுகிறார்கள். பிள்ளைகளை வளர்ப்புக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். காத்ரினை ஒரு பண்ணைக் குடும்பம் கேட்டிருக்கிறது. அதற்குள் ஆஸ்திரேலியா விசா கொடுக்காவிட்டால் அவள் அங்கே போய்விடுவாள்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. கமலா கண்டுபிடித்துவிட்டாள்.

“என்னங்க, தட்டையே பாத்துக்கிட்டிருக்கீங்க? குழம்பு நல்லால்லயா?”

பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“அந்தம்மா திருட்டுத்தனம் பண்ணுற ஆளாத் தெரியுதா?”

“தெரியல. நான் காகிதத்தத்தான பாக்குறேன்.”

“நம்ம பேப்பர் எல்லாம் மெட்ராஸ்ல குடுக்கறப்ப நீங்க ஆடின ஆட்டம் மறந்துபோச்சா? ஒண்ணுல உங்கப்பா பேரு முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி. எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, யார் யார் கையையோ புடிச்சு, கால்லயோ விழுந்து மாத்தி வாங்கினீங்களே. வெளிநாடு போற எல்லாருக்கும் அந்தப் பயம் இருக்கும்ங்க.”

அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. அடுத்த நாள் ஏறியது. வேலை முடிந்ததா என்று கேட்க ஹில்டா அம்மாவே எங்கள் கவுண்டருக்கு வந்துவிட்டார். நான் ஜெர்மனில் பேசியதும் அவர் முகம் மலர்ந்துபோனது. ஹோல்ம்பாக்கில் இருந்தவன் என்று தெரிந்ததும் கேட்கவே வேண்டாம்.

“அப்படியானால் உங்களுக்குப் புரியும்” என்றார். “என் பிறப்புச் சான்றிதழ் ஹோல்ம்பாக், தங்கையுடையது ஹோல்ம்பாக், காத்ரினுடையதும் ஹோல்ம்பாக். இந்தச் சம்மதத்தில் மட்டும் டோர்ன்ஃபெல்ட் என்று வந்தால் இங்கே இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இவள் வேறு ஊர், பிள்ளை வேறு ஊர், உறவே இல்லை என்பார்கள். அதனால் மெர்ட்ஸ் அம்மாவுக்கு எழுதிக் கெஞ்சினேன். அவர் முதலில் முடியாது என்றார். நான் விடவில்லை. கடைசியில் பழைய முத்திரையையே குத்திக் கொடுத்தார். இப்போது பாருங்கள், எல்லாம் ஒன்றாக இருக்கிறது.”

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். அவர் நகக்கணுக்களில் மாவின் வெள்ளை ஒட்டியிருந்தது. பிள்ளையை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் செய்த அந்த ஒரு காரியம்தான் இப்போது பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறது. அதை அவரிடம் சொல்ல விதி இடம் தரவில்லை. கோப்பில் இருப்பதைப் பற்றி விண்ணப்பதாரரிடம் பேசக் கூடாது. “சீக்கிரம் முடியும்” என்று உளறிவிட்டு உள்ளே ஓடினேன்.

நேராகக் கார்வியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அந்த அம்மா இதைக் கவுண்டரில் சொன்னாரா?”

“ஆமாம்.”

“உங்களை அங்கே யாராவது மொழிபெயர்க்கச் சொன்னார்களா?”

“இல்லை.”

“அப்படியானால் அது நம் மேஜைக்கு வரவில்லை. நம் மேஜையில் ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது?”

“ஹோல்ம்பாக் முத்திரை. ஜனவரிக் கடைசித் தேதி. அந்த மாவட்டம் அப்போது இல்லை.”

“இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா, அல்லது கேள்விப்பட்டீர்களா?”

வாழ்த்து அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை மெதுவாக ஆட்டினார். “துக்கம் விசாரிக்கச் சொன்ன நண்பரை மேற்கோள் காட்ட முடியாது. சட்டத்தைக் கொண்டுவாருங்கள்.”

ஊரின் பெரிய நூலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஜெர்மன் ஊர்களின் கையேட்டில் ஹோல்ம்பாக் மாவட்டம் ஆரோக்கியமாக உயிரோடு இருந்தது. கலெக்டர் பெயர்கூடப் போட்டிருந்தது. புதுப் பதிப்பு இன்னும் கப்பலில் வந்து சேரவில்லையாம். ஒரு நிமிஷம் ஆசை வந்துவிட்டது. சிட்னி நூலகத்தின்படி மாவட்டம் இருக்கிறது, முத்திரை சரி, என்று கோப்பை மூடிவிடலாம். யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அந்த ஆசை எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் ஜெர்மன் துணைத் தூதரகத்தின் வாசிப்பறையில் அரசிதழைக் கண்டுபிடித்தேன். “ஹோல்ம்பாக் மாவட்டம் கலைக்கப்படுகிறது.” ராஜா காலத்துக் கோடு, வாத்தியார் கலெக்டர், அகதிகள், ஆணி, எல்லாம் அந்த ஒரு வரியில் முடிந்துபோயிருந்தது. அதற்குக் கீழே எந்தக் கிராமம் எங்கே போகிறது என்ற பட்டியல். அக்கரைக் கிராமங்கள் மறுபடியும் வேறெங்கோ போயிருந்தன. குழந்தைகள் இல்லம் இருந்த கிராமத்தை விரலால் தேடினேன். அது அக்கரையில் சேர்ந்திருந்தால் விவகாரம் மூன்றாவது மாவட்டத்துக்குப் போய்விடும். நல்ல காலம், டோர்ன்ஃபெல்டின் கீழேயே இருந்தது. கடைசி விதி, பழைய மாவட்டத்தின் அதிகாரங்களும் கடமைகளும் புதிய மாவட்டத்தைச் சேரும் என்றது. அதைக் கையால் பிரதி எடுத்தேன். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

கார்வியின் மேஜைக்கு எதிரே நின்று குறிப்பை வாசித்தேன். முத்திரை ஹோல்ம்பாக் மாவட்டத்துடையது. அந்த மாவட்டம் இத்தாளின் தேதிக்கு முன்பே சட்டப்படி கலைக்கப்பட்டது. அதன் அதிகாரங்களும் கடமைகளும் டோர்ன்ஃபெல்ட் மாவட்டத்துக்கு மாறின.

“இதில் உங்களுக்குத் திருப்திதானா?”

“இல்லை” என்றேன்.

போலந்துக்காரரின் தட்டச்சு நின்றது. என் வாயில் இருந்துதான் அந்த வார்த்தை வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. கார்வி காத்திருந்தார்.

“இதைப் படிக்கிற அதிகாரி போலி என்று மூடிவிடுவார். டோர்ன்ஃபெல்ட் அலுவலகத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.”

“அது மொழிபெயர்ப்பு இல்லை. அது யோசனை. யோசனை சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.”

காத்ரினைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். கதையை நம்பக் கூடாது என்று சொன்னவரிடம் கதை சொல்லி என்ன ஆகும்? மின்விசிறி காகிதங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கார்வி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு நெடு நேரம் பார்த்தார்.

“அந்த அலுவலகத்தின் விலாசம் அரசிதழில் இருக்கிறதா?”

“இருக்கிறது.”

“விலாசம் யோசனை இல்லை. அது தகவல்” என்றார். தன் பேனாவையே திறந்து என்னிடம் நீட்டினார். டோர்ன்ஃபெல்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில் தெரு, தபால் எண், தந்தி விலாசம் எல்லாவற்றையும் எழுதினேன். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த பயம் அன்றைக்குக் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அதோடு மரியாதையும் சேர்ந்துகொண்டது.

கோப்பு மேல்மாடிக்குப் போனது. அதிகாரி அந்த விலாசத்துக்குத் தந்தி கொடுத்திருக்கிறார் என்று சில நாட்களில் தெரிந்தது. ஹில்டா அம்மாவுக்கும் அவர்களே தெரிவித்துவிட்டார்கள். அடுத்த நாள் அவர் கவுண்டருக்கு வந்தபோது தலையில் ரொட்டிக் கடைத் தொப்பி அப்படியே இருந்தது.

“டோர்ன்ஃபெல்டையா கேட்டீர்கள்?” என்று கத்தினார். “உங்களை நம்பித்தானே சொன்னேன்! மெர்ட்ஸ் அம்மா வேலையை இழப்பார். அவர்கள் என் காகிதத்தைக் கிழித்துப் போடுவார்கள். ஹோல்ம்பாக் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பிள்ளையைத் தொலைத்துவிட்டீர்களே!”

நீங்கள் சொன்னதை நான் எழுதவில்லை, முத்திரையே காட்டிக்கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அழுதுகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு ஈஸ்டர் நெருங்க நெருங்க எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த ரொட்டிக் கடை இருந்த தெருவில் போவதை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குச் சுற்றிக்கொண்டு போனேன். கடை அலமாரியில் ஈஸ்டருக்கான சிவப்பு முட்டைகளும் சாக்லேட் முயல்களும் வந்துவிட்டன என்று கமலா சொன்னபோது எரிந்து விழுந்தேன். “நான் என்னங்க பண்ணேன், முயலத்தான சொன்னேன்” என்றாள் பாவம்.

பதில் வந்தது. மொழிபெயர்க்க என் மேஜைக்குத்தான் வந்தது. முத்திரையை முதலில் பார்த்தேன். புத்தம் புதுசு, மை இன்னும் வாசம் அடிக்கிற மாதிரி இருந்தது, டோர்ன்ஃபெல்ட் மாவட்டம். அடுத்து கையெழுத்து.

மெர்ட்ஸ்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம். மாவட்டம் கலைந்தால் முத்திரைதான் ஒழிகிறது, மனிதர்களை எங்கே கொட்டுவது? அந்த அம்மாவையும் அவருடைய கோப்புகளையும் சேர்த்து டோர்ன்ஃபெல்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் தந்தி, அதைக் கேட்கவே கூடாது என்று ஹில்டா அம்மா கத்திய அந்த ஊருக்குப் போய், அவர் நம்பியிருந்த அதே பெண்ணின் மேஜையில் விழுந்திருக்கிறது.

காத்ரின் ஆஸ்திரேலியா போக டோர்ன்ஃபெல்ட் மாவட்டம் சம்மதிக்கிறது என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி. முந்தைய கடிதம் எழுதியபோது புதிய முத்திரை எங்கள் கைக்கு வந்து சேராததால் பழைய முத்திரை பயன்படுத்தப்பட்டது.

அது உண்மையா? இருக்கலாம். மாறிய நேரத்தில் முத்திரை வந்து சேர நாள் ஆகும்தான். ஆனால் கவுண்டரில் நான் கேட்டது வேறு. கெஞ்சியது, முதலில் மறுத்தது, பிறகு குத்தியது. அந்த வரியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். வாசித்து முடித்தேன். கார்வி மூலத்தை மேஜையில் வைத்தார். அந்தக் கடைசி வரியின் மேல் அவர் கட்டை விரல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

“இதில் உங்களுக்குத் திருப்திதானா?”

“தாளில் இருப்பதை எழுதியிருக்கிறேன்.”

“நான் கேட்டது அதைத்தான்” என்றார், கையெழுத்துப் போட்டார். அவர் அந்தக் கவுண்டர் பேச்சை மறந்துவிட்டாரா, அல்லது நான் சொன்ன அன்றே இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் அதை மேஜைக்கு வராமல் தடுத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓய்வு பெறும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

தர்ஷினிக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். கிட்டக் கிடக்கிறதைப் போடாதேம்மா. பட்டியலில் இன்றைக்கு அந்த ஊரை வைத்திருக்கிற மாவட்டம் எதுவோ அதைப் போடு. கூடுதல் விவரம் என்று ஒரு கட்டம் கீழே இருக்கும். அதில் பழைய பெயரையும் எழுது. எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மட்டும் எதையும் மாற்றாதே. உன்னிடம் வருகிறவர்கள் மாற்றச் சொல்லிக் கெஞ்சுவார்கள், அவர்கள் மேல் கோபப்படாதே.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஹில்டா அம்மா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பெரிய பின்னல் ரொட்டி. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. விசா கிடைத்துவிட்டது, நாளைக்குக் காலை விமானத்தில் காத்ரின் வருகிறாள், தனக்குத் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது, இரண்டு பேரும் வர முடியுமா என்று கேட்டார். கமலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

விமானப் பணிப்பெண் ஒருத்தி காத்ரினைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். வெளிறிய பிள்ளை, முழங்கால் வரை கம்பளிக் காலுறை. தனியாக வரும் குழந்தைகளுக்குப் போடுகிற மாதிரி கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. பெயருக்குக் கீழே பெரிய எழுத்தில் டோர்ன்ஃபெல்ட் என்று இருந்தது. ஹில்டா அம்மா அந்த அட்டையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, புகைப்படத்தில் பார்த்ததோடு சரி. யாராவது ஏதாவது பேச வேண்டுமே என்று நான் குனிந்து ஜெர்மனில் கேட்டேன்.

“நீ எந்த ஊர்ம்மா?”

சாதாரணமாகப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விதான். ஆனால் அவள் முகம் சுருங்கிவிட்டது. என் கோட்டைப் பார்த்தாள், டையைப் பார்த்தாள். என்னை ஓர் அதிகாரி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கழுத்து அட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தப்பாகச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற குரலில் மெதுவாகக் கேட்டாள்.

“எதைச் சொல்ல வேண்டும்?”

ஹில்டா அம்மா அங்கேயே தரையில் மண்டியிட்டார். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அட்டையைக் கழுத்தில் இருந்து கழற்றி, கமலாவின் கையில் கொடுத்தார்.

“ஒன்றும் சொல்ல வேண்டாம்” என்றார். “வீட்டுக்குப் போகலாம், வா.”